பலகையில் பதியும் எழுத்து

சில மாதங்களுக்கு முன்னர் உறவினர் ஒருவரின் புதுவீடு குடிபுகும் வைபவத்திற்குச் சென்றிருந்தேன். கூடத்துச் சுவரை அழகிய மரப்பலகை ஒன்று அலங்கரித்தது. கஅபாவின் வண்ணப் படமும், அதன்கீழ்ச் சிறிய எழுத்தில் ஓர் இறைவசனமும் அதில் அச்சிடப்பட்டிருந்தன. வந்தவர்கள் படத்தைக் கண்டு வியந்தனர். துஆ ஓத வந்த ஆலிம் பெருந்தகை மட்டும் அருகே சென்று உற்று நோக்கினார். பின்னர் வீட்டுக்காரரைத் தனியே அழைத்து மெல்லிய குரலில் ஏதோ கூறினார். இணைந்து நிற்க வேண்டிய அரபு எழுத்துக்கள் தனித்தனியே பிரிந்து, வரிசையும் தலைகீழாக மாறியிருந்தன! அன்று மாலையே பலகை இறக்கப்பட்டது.

காகிதத்தில் பிழை நேர்ந்தால் கிழித்துவிடலாம். மரத்தில் உறைந்த மையைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஆகவே, வாசலுக்குப் பெயர்ப்பலகையோ சுவருக்கு அலங்காரப் பலகையோ செய்ய விரும்பும் குடும்பத்தார் இந்த அச்சுக்கலையைச் சற்று அறிந்திருத்தல் நன்று.

அச்சு எவ்வாறு பதிகிறது?

இதற்குப் பயன்படுவது யூ.வி. அச்சு இயந்திரம். மேசை போன்ற பரப்பின்மீது பலகையைக் கிடத்த, மைத்தலை அதன் மேலே குறுக்கும் நெடுக்குமாக ஓடி நுண்ணிய துளிகளைத் தெளித்துச் செல்லும். இந்த மை காற்றில் உலர்வதன்று. உடன் வரும் விளக்கின் புற ஊதாக் கதிர் பட்டதும் நொடியில் இறுகிப் பிளாஸ்டிக் போன்ற மெல்லிய படலமாகிவிடும். மைத்தலைக்கும் பலகைக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளியே இருக்கும். எனவே வளைந்த பலகை மைத்தலையில் உரசி அச்சையும் இயந்திரத்தையும் கெடுக்கும்.

சாதாரண அச்சுப்பொறிகளில் வெள்ளை மை கிடையாது. காகிதத்தின் வெண்மையே வெள்ளையாகத் தோன்றும். மரத்திலோ, வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் மரத்தின் பழுப்பு நிறமே தெரியும். ஆதலால் யூ.வி. இயந்திரங்களில் வெள்ளை மையை முதலில் அடித்து, அதன்மேல் வண்ணங்களை ஏற்றுவதுண்டு. மனிதர் முகமும் மலர்களும் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் இது அவசியம். கறுப்பு எழுத்து மட்டும் போதுமெனில் வெள்ளையைத் தவிர்க்கலாம். மரத்தின் இழையோட்டமே பின்னணியாகி எழில் சேர்க்கும்.

மரத்தைப் பக்குவப்படுத்துதல்

வெளிர் நிறமும் நெருங்கிய இழையும் உள்ள மரமே அச்சுக்கு உகந்தது. ரப்பர் மரம் வெளிர் நிறமுடையது. தேக்கு உறுதியானதெனினும் அதிலுள்ள இயற்கை எண்ணெய் மையைப் பற்றவிடாமல் தடுக்கக்கூடும். அச்சிடும் முன் தின்னர் தோய்த்த துணியால் துடைத்துக் காயவிடுதல் நலம்.

பலகை நன்கு காய்ந்திருக்க வேண்டும். ஈரம் ஏறி இறங்கும்போது மரம் நீளவாக்கில் அதிகம் மாறாது. குறுக்குவாக்கில் விரியும், சுருங்கும். பச்சை மரத்தில் அச்சிட்டால் பின்னர் அது வெடித்துப் படத்தையும் பிளந்துவிடும். 120, 180, 220 எண் உப்புத்தாள்களால் முறையே இழையின் போக்கிலேயே தேய்த்து, தூசியை முற்றிலும் நீக்க வேண்டும். தூசிமேல் பதிந்த மை தூசியோடே உதிரும்.

வெயில் மற்றொரு பகை. சூரியனின் புற ஊதாக் கதிர் மையையும் வெளிறச் செய்யும். மரத்தின் மேற்பரப்பையும் சிதைத்துச் சாம்பல் நிறமாக்கும். வாசல் பலகையைத் தாழ்வாரத்தின் நிழலில் மாட்டுங்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷை முகப்பில் மட்டுமன்றிப் பின்புறத்திலும் ஓரங்களிலும் பூசச் சொல்லுங்கள். ஈரம் புகுவது பெரும்பாலும் பூசாத ஓரங்களின் வழியேதான்.

படமும் எழுத்தும்

செல்பேசியில் வாட்ஸ்அப் வழியே வரும் படம் பெரும்பாலும் சுருக்கப்பட்டதாகும். சிறு திரையில் அழகாகத் தோன்றும் அது, பலகையில் மங்கிப்போகும். அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்பது நல்ல அளவு. 12 அங்குல நீளமும் 8 அங்குல அகலமும் உள்ள பலகைக்கு 3600க்கு 2400 புள்ளிகள் தேவை. எடுத்த மூலப்படத்தையே கொடுங்கள்.

எழுத்தில் இன்னும் அதிகக் கவனம் வேண்டும். அரபு எழுத்துக்கள் பெரும்பாலானவை சொல்லின் முதலிலும் நடுவிலும் இறுதியிலும் வெவ்வேறு வடிவம் கொள்பவை. வலமிருந்து இடமாகச் செல்பவை. இதனை உணராத கணினி மென்பொருளில் வசனத்தை ஒட்டினால் எழுத்துக்கள் பிரிந்து திசைமாறி நிற்கும். என் உறவினரின் பலகையில் நேர்ந்ததும் இதுவே. அச்சிட்டவருக்கு அரபு தெரியாது. சரிபார்க்க வேண்டியவர் சரிபார்க்கவில்லை. தமிழிலும் எழுத்துரு மாறினால் கொம்பும் காலும் இடம்பெயர்வதுண்டு.

இதற்கு எளிய வழி உண்டு. பலகையில் ஏற்றும் முன், அதே அளவில் காகிதத்தில் ஒரு படி எடுத்துத் தரச் சொல்லுங்கள். அரபு வாசகமாயின் ஓதத் தெரிந்த ஆலிமிடம் காட்டி, புள்ளியும் குறியும் விடாமல் பார்க்கச் செய்யுங்கள். ஒரு புள்ளி கூடினாலும் குறைந்தாலும் எழுத்து வேறாகிவிடும், பொருளும் மாறிவிடும். அவர் சரியெனக் கூறிய பின்னரே அச்சுக்கு இசைவு தாருங்கள்.

இத்தொழிலில் இறங்க எண்ணும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. இறுகாத மை தோலுக்கு ஊறு செய்யும், கையுறை அணியுங்கள். விளக்கின் ஒளியை நேரே பாராதீர்கள். வாடிக்கையாளரின் மொழி உங்களுக்குத் தெரியாதெனில், தெரிந்தவர் பார்க்கும்வரை காத்திருங்கள். அந்தக் காத்திருப்பே உங்களுக்கு நற்பெயரைத் தேடித் தரும்.

இறக்கப்பட்ட பலகையை ஆசாரி இழைத்துச் சீர்செய்தார். இம்முறை காகிதப் படி முதலில் ஆலிமின் கைக்குச் சென்றது. அவர் ஓதிப் பார்த்துப் புன்னகைத்த பிறகே இயந்திரம் ஓடியது. இன்று அதே சுவரில் அதே பலகை தொங்குகிறது. வருவோர் இப்போதும் படத்தைக் கண்டு வியக்கின்றனர். வீட்டாரோ அதன் கீழுள்ள வசனத்தை நிம்மதியோடு ஓதுகின்றனர்.