கவுன்சிலர் அம்மாள்

"உங்கள் வார்டு கவுன்சிலர் யார்?"

இப்படி ஒருவர் திடீரென்று கேட்டால் உடனே பதில் சொல்ல முடியுமா, சகோதரிகளே? தொடர்கதையில் போன வாரம் கதாநாயகி எந்த ஊருக்கு ரயில் ஏறினாள் என்று கேட்டால், அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்லிவிடுவீர்கள். கவுன்சிலர் பெயர் என்றால்தான் கொஞ்சம் தடுமாற்றம். "யாரோ ஒரு அம்மாள், ஆனால் வேலை நடக்க வேண்டுமென்றால் அவர் வீட்டுக்காரரைத்தான் பார்க்க வேண்டுமாம்" என்று பலர் சொல்வார்கள். அந்த "யாரோ ஒரு அம்மாள்" யார், அவர் அந்த நாற்காலிக்கு எப்படி வந்து சேர்ந்தார், அதில் அவரை உட்கார விடுகிறார்களா என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பெண்களுக்கு அரசியல் புதிது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெண்களுக்கும் ஓட்டு உண்டு என்று 1921-லேயே தீர்மானித்தது சென்னை மாகாணச் சட்டசபை. சொத்து உள்ளவர்களுக்கு மட்டும்தான் என்றாலும், இந்தியாவிலேயே முதலில் கதவைத் திறந்த மாகாணம் நம்முடையது. சில ஆண்டுகளில் அந்தக் கதவின் வழியே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி உள்ளே நுழைந்தார். 1927-ல் அந்தச் சட்டசபையின் உபதலைவராகவும் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் தொடங்கிய போராட்டம் 1947-ல் சட்டமாக முடிந்தது. வேதாரண்யத்தில் உப்பு எடுத்துச் சிறை சென்ற ருக்மிணி லட்சுமிபதி 1937-ல் சட்டசபைக்கு வந்து துணை சபாநாயகராக அமர்ந்தார். 1946-ல் மந்திரியும் ஆனார்.

உள்ளாட்சியையே எடுத்துக்கொள்ளுங்களேன். 1957-ல் காமராஜ் அமைத்த மந்திரிசபையில் அந்த இலாகாவைக் கவனித்தவர் குளச்சல் தொகுதியிலிருந்து வந்த லூர்தம்மாள் சைமன். அடுத்த ஆண்டில்தான் புதிய பஞ்சாயத்துச் சட்டம் பிறந்தது. சென்னை நகரத்துக்கு 1950-களிலேயே தாரா செரியன் மேயராக இருந்தார். பெரம்பூரில் வென்று சட்டசபைக்கு வந்த சத்தியவாணி முத்து 1967-ல் அண்ணாவின் மந்திரிசபையில் இடம் பெற்றார். ஆகவே தலைவாசலில் நின்றிருந்த பெண்களுக்குக் குறைவே இல்லை. தெருக்கோடியிலும் வார்டிலும் கிராமத்திலும்தான் ஆளைக் காணோம்.

தெருக்கோடி வரை பெண்கள் வந்தது சட்டத்தினால். 1993-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தங்கள், உள்ளாட்சி மன்றங்களில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று விதித்தன. தமிழ்நாட்டில் அதன்படி முதல் தேர்தல் 1996-ல் நடந்தது. 2016-ல் அந்தப் பங்கு பாதியாக உயர்ந்தது. 2022-ல் 21 மாநகராட்சிகளுக்கு மேயர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவர்களில் 11 பேர் பெண்கள். சென்னையின் மேயரான ஆர். பிரியாவுக்கு அப்போது வயது 28. தாரா செரியன், காமாட்சி ஜெயராமன் ஆகியோருக்குப் பிறகு அந்த அங்கியை அணிந்த மூன்றாவது பெண். தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து வந்த முதல் பெண்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். சட்டசபைத் தேர்தலில் பெண்களை ஏன் அதிகம் நிறுத்துவதில்லை என்று கேட்டால், "தகுதியான பெண் அபேட்சகர்கள் கிடைக்கவில்லையே!" என்று கட்சிக்காரர்கள் கையை விரிப்பது வழக்கம். அதே கட்சிகளுக்கு, வார்டுகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கியாக வேண்டும் என்று சட்டம் வந்ததும், ஆயிரக்கணக்கில் பெண்கள் எங்கிருந்தோ கிடைத்துவிட்டார்கள்! வானத்திலிருந்தா குதித்தார்கள்? இல்லை, எப்போதும் அவர்கள் இங்கேதான் இருந்தார்கள். தேட வேண்டிய அவசியம் கட்சிகளுக்கு ஏற்படவில்லை, அவ்வளவுதான். 2021-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டசபையில் 234 பேரில் பெண்கள் 12 பேர், நூற்றுக்கு ஐந்து. வார்டில் பாதிக்குப் பாதி, கோட்டையில் இருபதில் ஒன்று! சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் மூன்றில் ஒரு பங்கு என்று 2023-ல் ஒரு திருத்தம் நிறைவேறியது. ஆனால் ஜனத்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி வரையறையும் முடிந்த பிறகே அது நடைமுறைக்கு வரும் என்ற நிபந்தனையும் அதோடு சேர்ந்தே நிறைவேறியது.

வார்டிலிருந்து கோட்டைக்கு ஏணி ஏன் எட்டவில்லை? கட்சிக்குள்ளே எட்டிப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். கிளைச் செயலாளர், வட்டச் செயலாளர், ஒன்றியச் செயலாளர், மாவட்டச் செயலாளர் என்று படிப்படியாகப் போகிறது கட்சியின் ஏணி. யாருக்கு ஸீட் என்ற பேச்சு இந்தப் படிகளில்தான் உருவாகிறது. மாவட்டச் செயலாளர் நாற்காலிகளில் பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெண்களுக்கென்று தனியாக மகளிர் அணி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, மாநாட்டுக்கு ஆள் திரட்டவும், வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்கவும், தலைவர் வரும்போது ஆரத்தி எடுக்கவும் மகளிர் அணி வேண்டும். ஸீட் பங்கிடும் கூட்டமோ இரவு பத்து மணிக்கு மேல், யாராவது ஒருவர் வீட்டு மாடியில் நடக்கும். இட்லிக்கு அரைத்து வைத்துவிட்டு, குழந்தையைத் தூங்கப் பண்ணிவிட்டு, அந்த நேரத்தில் அந்த மாடிப்படி ஏறக்கூடிய பெண்கள் எத்தனை பேர்? ஏறினால்தான் ஊர் சும்மா இருக்குமா?

சரி, எப்படியோ ஜெயித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மாலையும் மத்தாப்பும் முடிந்த மறுநாளே அடுத்த சோதனை வருகிறது. கிராமப் பஞ்சாயத்தில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் வெளியே வரும். தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு. துணைத் தலைவர் பதவிக்குக் கிடையாது. தலைவி சொன்னபடி கேட்க வேண்டுமென்று நினைக்கும் ஒரு துணைத் தலைவர், பேனாவை மூடி வைத்துக்கொண்டால் போதும். தெருவிளக்கு எரியாது, தண்ணீர்த் தொட்டியின் மோட்டார் ஓடாது. "அந்த அம்மாளுக்கு நிர்வாகம் தெரியவில்லை" என்ற கெட்ட பெயர் மட்டும் தலைவிக்கு வந்து சேரும்.

சாதியும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். 2020-ல் சிதம்பரத்துக்கு அருகில் தெற்குத் திட்டை ஊராட்சியில், தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த தலைவியைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்திருந்த புகைப்படம் நாடெங்கும் பரவியதே, நினைவிருக்கிறதா? மற்ற அங்கத்தினர்கள் நாற்காலியில், தலைவி தரையில். ஓட்டுப் போட்டு ஜனங்கள் கொடுத்த நாற்காலி அது. படம் வெளியான பிறகுதான் போலீஸ் வழக்கு வந்தது.

வேலை செய்ய முற்பட்டவர்களுக்கோ இதைவிடப் பெரிய ஆபத்தும் காத்திருந்தது. மதுரை வில்லாபுரத்து லீலாவதியை மறக்கலாமா? கைத்தறி நெசவாளி, மார்க்ஸிஸ்ட் கட்சி ஊழியர், 1996-ல் மாநகராட்சிக் கவுன்சிலராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வில்லாபுரத்துப் பெண்களுக்கு அப்போது குடிதண்ணீர்தான் பெரிய கவலை. குடம் குடமாகக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்த பகுதிக்கு மாநகராட்சிக் குழாயைக் கொண்டு வரப் பாடுபட்டார். குழாயில் தண்ணீர் வந்தால் யாருடைய பிழைப்புக் கெடுமோ அவர்களுடைய பகை மூண்டது. 1997 ஏப்ரல் 23-ந் தேதி அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். கவுன்சிலராகி ஓராண்டு கூட நிறையவில்லை. அவர் கேட்டது மந்திரி பதவி இல்லை, சகோதரிகளே. ஒரு குடம் தண்ணீர்.

இவ்வளவையும் படித்துவிட்டு, "அப்பாடா, நமக்கு எதற்கு இந்த வம்பு?" என்று பத்திரிகையைக் கீழே வைத்துவிடாதீர்கள். வம்பு ஏற்கனவே உங்கள் வாசலில்தான் நிற்கிறது. சாக்கடை அடைத்துக்கொண்டால் மூக்கைப் பிடித்துக்கொள்வது யார்? தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்பது யார்? விளக்கில்லாத சந்தில் பெண் டியூஷனிலிருந்து வரும் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பது யார்? இவை எல்லாம் முனிசிபாலிடியின் வேலைகள். வீட்டு நிர்வாகத்தின் மறு பாதி அங்கேதான் நடக்கிறது.

நீங்கள் தேர்தலுக்கு நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. நின்றால் மிகவும் சந்தோஷம்! அதற்கு முன் செய்யக்கூடிய சின்னக் காரியங்கள் சில இருக்கின்றன. உங்கள் கவுன்சிலர் பெண்ணாக இருந்தால், மனுவை அவர் கையிலேயே கொடுங்கள். "ஐயா இல்லையா?" என்று கேட்காதீர்கள். வீட்டுக்காரர் வந்து வாங்க முன்வந்தால், "அம்மாளைப் பார்த்துச் சொல்லிக்கொள்கிறோம்" என்று மரியாதையாகச் சொல்லிக் காத்திருங்கள். பத்து பேர் இப்படிக் காத்திருந்தால் பதினோராவது நாள் அந்த அம்மாளே வாசலுக்கு வந்தாக வேண்டும். முதலில் தயங்குவார், பிறகு கேட்டுத் தெரிந்துகொள்வார், அப்புறம் அதிகாரிகளைக் கேள்வி கேட்பார். நிர்வாகம் என்பது பிறவியில் வருவதல்லவே! ஆண்களும் செய்து செய்துதான் கற்றுக்கொண்டார்கள்.

இன்னொன்று: கிராமத்தில் கிராம சபை கூடுவதுபோல, 2022 நவம்பர் 1-ந் தேதி நம் நகரங்களில் பகுதி சபைகள் கூடின. உங்கள் வார்டில் அது எப்போது கூடுகிறது என்று விசாரியுங்கள். பக்கத்து வீட்டு மாமியையும் எதிர் வீட்டு அக்காவையும் அழைத்துக்கொண்டு போங்கள். தனியாகப் போனால் குரல் எழும்பாது. நாலு பேராகப் போனால் தானே எழும்பும்.

ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்: "உங்கள் கட்சியின் வட்டச் செயலாளர்களில் எத்தனை பேர் பெண்கள்?" மஞ்சள் குங்குமத்தை நீட்டியபடி வருபவர்கள் இந்தக் கேள்வியை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். நூறு வாசல்களில் இதே கேள்வி எழுந்தால், மாடியில் நடக்கும் அந்தப் பத்து மணிக் கூட்டம் மாலை ஐந்து மணிக்குக் கீழே இறங்கி வந்தாலும் வரும்.

முதலில், உங்கள் கவுன்சிலர் அம்மாளின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்.