உங்களுக்குத் தெரியுமா? காலுக்குப் புரியும் மஞ்சள் ஓடு

டோக்கியோவில் புதிதாகக் குடியேறுபவர் கண்ணில், ரயில் நிலையம், நடைபாதை எங்கும் மஞ்சள் ஓடுகள் படும். அழகுக்குப் பதித்தவை அல்ல, பார்வையற்றோருக்கு வழிகாட்டுபவை. செருப்புக் காலிலும் உறுத்தும்படி மேடாக இருக்கும். நீளக் கோடுகள் என்றால் அப்படியே நடக்கலாம். புள்ளிகள் தட்டுப்பட்டால் நிதானிக்க வேண்டும்: முன்னே படிக்கட்டோ, சாலையோ, தண்டவாளமோ இருக்கும். எவ்வளவு அக்கறையான யோசனை! 1965-ல் இதை உருவாக்கியவர் செய்இச்சி மியாகே. 1967 மார்ச் 18-ல் ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதன்முதலாகப் பதித்தார்கள். பிறகு உலகெங்கும் பரவியது. கேரளத்தில் உள்ள எருத்தேன்பதி ஊர்க்காரர்கள் இதைப் பார்க்க ஜப்பான்வரை போக வேண்டாம். கொச்சி மெட்ரோ நிலையங்களிலேயே இருக்கிறது. அதன்மேல் மட்டும் பெட்டி, பைகளை இறக்கி வைத்துவிடாதீர்கள்.