பழுதைச் சொல்லும் ஃபிரிட்ஜ், கிடைக்காத சாமான்

முன்பெல்லாம் ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்றால் முதல் வேலை, அதைச் சுவரிலிருந்து இழுத்துத் திருப்பி நிறுத்துவதுதான். முதுகு முழுக்கக் கறுப்புக் கம்பி வலை. அடியில் ஒட்டடை படிந்த கம்ப்ரஸர். அதன் பக்கவாட்டில் ஒரு சின்ன மூடி. உள்ளே நடப்பதில் பாதியைப் பின்னால் நின்றே தெரிந்துகொள்ளலாம். வலை சுட்டால் கேஸ் ஓடுகிறது. கம்ப்ரஸர் ஓடியும் வலை சூடே இல்லாமல் கிடந்தால் பெரும்பாலும் கேஸ் போய்விட்டது. இன்றைய ஃபிரிட்ஜ்கள் பலவற்றைத் திருப்பினால் வழவழப்பான தகடு ஒன்றுதான் தெரியும். வெப்பத்தை வெளியேற்றும் குழாய் இப்போது பக்கச் சுவர்களுக்குள், ஃபோமை ஒட்டிப் புதைந்து கிடக்கிறது. புதிதாய் வாங்கியவர்கள் பக்கச் சுவர் சுடுவதைப் பார்த்துப் பயந்துபோய் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்கிறார்கள். அது பழுதல்ல, அப்படித்தான் சுட வேண்டும்.

இந்தியாவிலேயே தயாரான முதல் ஃபிரிட்ஜை 1958-இல் கோத்ரெஜ் கொண்டுவந்தது. அதன்பின் ஒரு முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் நம் வீடுகளில் இருந்தவை பெரும்பாலும் கோத்ரெஜ், கெல்வினேட்டர், ஆல்வின், வோல்டாஸ் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய பெயர்கள்தாம். 165 லிட்டர், ஒற்றைக் கதவு என்பதே பழகிய அளவு. மின்சாரம் தொடும் உறுப்புகளை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்: கம்ப்ரஸர், ரிலே, ஓவர்லோட், தெர்மோஸ்டாட், கதவு சுவிட்ச், 15 வாட் பல்பு. இன்றைய இரட்டைக் கதவு இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜில் அந்த ரிலேயும் இல்லை, அந்த தெர்மோஸ்டாட்டும் இல்லை. அவற்றின் இடத்தில் இரண்டு மூன்று சென்சார், ஃபேன் மோட்டார், ஹீட்டர், ஃப்யூஸ், எல்.இ.டி. விளக்கு, இத்தனையையும் ஆட்டிவைக்கும் ஒரு மெயின் போர்டு.

அந்தக் காலத்து மெக்கானிக் பையைத் திறக்குமுன் காதைத் திறப்பார். பிளக்கைச் செருகியதும் சில விநாடி முனகல், பிறகு ஒரு "டிக்". சற்றுப் பொறுத்து மறுபடியும் முனகல், மறுபடியும் "டிக்". கம்ப்ரஸர் கிளம்பப் பார்க்கிறது, முடியவில்லை; சூடேறியதும் ஓவர்லோட் அதை வெட்டிவிடுகிறது. வோல்டேஜ் குறைவு, ரிலே கோளாறு, கம்ப்ரஸர் ஜாம், இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். வோல்டேஜ் சரியாக இருந்தால் ரிலேயைப் பிடுங்கிக் காதருகே வைத்து ஆட்டுவார். வில்லை வைத்த ரிலே கலகலவென்றால் உள்ளே வில்லை நொறுங்கிவிட்டது. சத்தம் இல்லையென்றால் கம்ப்ரஸரின் மூன்று பின்களுக்கு வருவார். மீட்டரில் ஒரு ஜோடி 15 ஓம், இன்னொரு ஜோடி 20 ஓம் என்றால் மூன்றாவது ஜோடி 35 காட்ட வேண்டும். கணக்கு உதைத்தால் காயில் போயிற்று. மீட்டர் வாங்க வசதியில்லாதவர்கள் சீரிஸ் லாம்ப் ஒன்றை வைத்துக்கொண்டே காலம் தள்ளினார்கள்.

சாமான் வாங்குவது அதைவிடச் சுலபம். "1/6 ஹெச்.பி.க்கு ரிலே, ஓவர்லோட் ஒரு செட் குடுங்கண்ணே" என்றால் போதும். பெரும்பாலும் எந்தக் கம்பெனி ஃபிரிட்ஜ் என்று கடைக்காரர் கேட்கமாட்டார், "கம்பெனி சாமானா, லோக்கலா?" என்று மட்டும் கேட்பார். தெர்மோஸ்டாட் என்றால் பழையதைக் கையோடு கொண்டுபோய், குமிழ் மாட்டும் தண்டையும் பின்னால் தொங்கும் மெல்லிய குழாயின் நீளத்தையும் புதியதோடு வைத்துப் பார்த்தால் ஆயிற்று. கதவு ரப்பரை நீள அகலம் சொல்லிக் கட்டித் தரச் சொல்லலாம். தாலுகா ஊரில்கூட இவை கிடைத்தன. காலையில் நின்றுபோன ஃபிரிட்ஜ் மாலைக்குள் ஓடியது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த ஃபிரிட்ஜ் அடிக்கடி கெட்டது. கோடையில் வோல்டேஜ் 160-க்கு இறங்கும். ஸ்டெபிலைசர் இல்லாத வீட்டில் கம்ப்ரஸர் எரியும். இன்று ஸ்டெபிலைசரே வேண்டாம் என்று விளம்பரம் செய்து விற்கிறார்கள். ஃப்ரீசரில் பனி கட்டிக்கொண்டே போகும். தெர்மோஸ்டாட் குமிழின் நடுவில் அதை உருக்குவதற்கென்றே ஒரு பட்டன் இருந்தும், பொறுமை இல்லாதவர்கள் கத்தியை எடுத்துக் குத்துவார்கள். மெல்லிய அலுமினியத் தகட்டில் ஊசிமுனை அளவு ஓட்டை விழும். "உஸ்" என்று ஒரு சத்தம். அவ்வளவு கேஸும் வெளியே. அந்தக் காலத்தில் கேஸ் அடிக்க வந்த ஃபிரிட்ஜ்களில் கணிசமானவை சமையலறைக் கத்தியால் குத்துப்பட்டவை என்று பழைய மெக்கானிக்குகள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

வெளியே போன அந்த கேஸ் ஆர்-12. தீப்பிடிக்காது, மலிவு. ஆகவே யாரும் கவலைப்படவில்லை. மெக்கானிக் குழாயைத் திறந்து மிச்சத்தைக் காற்றில் விட்டுவிட்டுப் புதிதாய் ஏற்றுவார். ஓசோன் படலத்தைத் தின்னும் பொருள் என்பதால் 1987-இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் அதைக் குறிவைத்தது. 1992-இல் இந்தியா அதில் சேர்ந்தது. 2010 பிறந்தபோது அந்தக் குடும்பத்து வாயுக்கள் இங்கே விலக்கப்பட்டுவிட்டன. பூமியைச் சூடாக்கும் திறனில் கரியமில வாயுவை 1 என்று வைத்தால் ஆர்-12 ஏறத்தாழ 10,900. அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது, ஆனாலும் 1,430. இன்று புதிய ஃபிரிட்ஜ்களில் பரவலாக இருக்கும் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், 3 அளவில்தான் நிற்கிறது. முன்பு நூறு கிராமுக்கு மேல் ஏற்றிய இடத்தில் இப்போது ஐம்பது கிராம் பக்கம் போதும். ஃபிரிட்ஜின் கதையில் எந்த வாதமும் இல்லாமல் லாபம் என்று சொல்லத்தக்கது இந்த மாற்றம்தான்.

ஆனால் ஐசோபியூட்டேன் நம் அடுப்பு சிலிண்டரில் இருக்கும் வாயுவுக்குச் சொந்தக்காரன், தீப்பிடிக்கும். பழைய மெக்கானிக் ரிட்டர்ன் பைப்பைக் கையால் தொட்டு, வியர்க்கிறதா பனி பூக்கிறதா என்று பார்த்துப் பார்த்து கேஸ் ஏற்றினார். பத்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் ஃபிரிட்ஜ் பொறுத்துக்கொண்டது. ஐம்பது கிராமில் பத்து கிராம் பிசகினால் ஐந்தில் ஒரு பங்கு பிசகு. அதனால் எண் காட்டும் தராசு வேண்டும், வேக்குவம் பம்ப் வேண்டும், சிஸ்டத்தைத் திறந்தால் டிரையரை மாற்ற வேண்டும். குழாயில் கேஸ் மிச்சம் இருக்கும்போது டார்ச்சைக் காட்டவே கூடாது. கட்டரால்தான் வெட்ட வேண்டும். தராசு கொண்டுவராமல் ஆர்-600ஏ ஃபிரிட்ஜுக்கு கேஸ் அடிக்க வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுவது நல்லது.

பழையதற்கும் இன்றையதற்கும் நடுவே ஒரு தலைமுறை உண்டு. தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து பரவிய ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை அது. "மேலே ஐஸ்க்ரீம் கல்லாட்டம் இருக்கு, கீழே பால் திரிஞ்சுபோகுது" என்பதுதான் அதன் பெயர்பெற்ற புகார். பலரும் கேஸ் குறைவு என்பார்கள். கேஸ் குறைந்தால் மேலேயும் குளிர் குறைந்திருக்குமே! பின்பலகைக்குள் இருக்கும் குளிர்காயிலில் பனி அடைத்து, ஃபேன் தள்ளும் காற்று கீழே இறங்க வழியில்லாமல் போவதுதான் காரணம். பனியை உருக்க ஒரு ஹீட்டர், உருகியதும் அதை நிறுத்த ஒரு பைமெட்டல், அளவுக்கு மீறிச் சூடானால் அறுந்துவிட ஒரு ஃப்யூஸ், எப்போது உருக்குவது என்று முடிவுசெய்ய ஒரு டைமர். டைமரின் தலையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து மெதுவாய்த் திருகினால் "டக்" என்று ஓரிடத்தில் விழும். கம்ப்ரஸர் நிற்கும், ஹீட்டர் சூடாகும். ஹீட்டர் சூடாகி, டைமர் மட்டும் தானாக நகரவில்லை என்றால் மாற்ற வேண்டியது டைமரைத்தான். பிளக்கைப் பிடுங்கி ஒரு நாள் முழுக்கக் கதவைத் திறந்துவைத்தால் சரியாகிவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். சரியாகும், பனி மறுபடி அடைக்கும் வரை. இன்று அந்த டைமரும் போர்டுக்குள் போய்விட்டது. திருகிப் பார்க்கத் தலை இல்லை.

போர்டு வந்தபின் கம்ப்ரஸரின் குணமே மாறிவிட்டது. பழைய கம்ப்ரஸருக்கு ஒரே வேகம்: நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,900 சுற்று, இல்லையென்றால் பூஜ்யம். இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் தேவைக்கேற்ப 1,200-லும் ஓடும், 4,500-ஐயும் தொடும். மூன்று பின்களுக்கிடையே எந்த ஜோடியை அளந்தாலும் ஒரே ஓம் காட்ட வேண்டும். 15-ம் 20-ம் 35 ஆகும் கூட்டல் கணக்கு இங்கே செல்லாது. பழைய பழக்கத்தில் நேராக 230 வோல்ட்டைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தால் கம்ப்ரஸரோடு முடிந்தது கதை. ராத்திரியில் ஹாலில் படுப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், சத்தம் எவ்வளவு குறைந்துவிட்டது என்று சொல்வார்கள். மின்சாரக் கணக்கிலும் மிச்சம் உண்டு; 2006-இல் நட்சத்திர முத்திரை வந்தபின் எந்த ஃபிரிட்ஜ் ஆண்டுக்கு எத்தனை யூனிட் தின்னும் என்பதைக் கதவிலேயே ஒட்டி விற்கிறார்கள்.

இன்றைய ஃபிரிட்ஜ் தன் கோளாறைத் தானே சொல்கிறது. போர்டிலுள்ள சிறுவிளக்கு இத்தனை முறை சிமிட்டினால் ஃபேன், இத்தனை முறை என்றால் சென்சார் என்று பட்டியல் இருக்கிறது. சில மாடல்களில் போனை அருகில் பிடித்தால் ஃபிரிட்ஜ் போடும் சத்தத்தைக் கேட்டு அது கோளாறைச் சொல்லிவிடும். ஆனால் அது சொல்வது எந்த வழியில் தகவல் வரவில்லை என்பதை மட்டும்தான். சென்சார் கெட்டதா, அதன் கனெக்டரில் பச்சை பூத்ததா, எலி ஒயரைக் கடித்ததா என்பதைக் குனிந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். வெதுவெதுப்புக்காகப் போர்டின் மேல் ஏறிய பல்லி இரண்டு முனைகளைச் சேர்த்து மிதித்துத் தானும் செத்து போர்டையும் சாகடிப்பது நம் ஊரில் சாதாரணம். எந்த மாடலின் பட்டியலிலும் பல்லிக்கு ஒரு சிமிட்டல் கிடையாது.

இப்படி என்ன பழுது என்பது தெரிந்தபின் தொடங்குகிறது, முன்பு இல்லாத அலைச்சல். கடைக்காரரின் முதல் பதில் இப்போது "உள்ளே லேபிள் இருக்கும், போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடுங்க சார்" என்பது. காய்கறி டிரேக்கு அருகே உள்சுவரில் ஒட்டிய அந்த லேபிளில் மாடல் எண்ணோடு கடைசியில் வரும் இரண்டு மூன்று எழுத்துகளும் முக்கியம். கதவு ஒன்றுபோல், கைப்பிடி ஒன்றுபோல் இருக்கும். ஆனால் தயாரித்த ஆண்டு மாறினால் போர்டு மாறியிருக்கும். சென்சாரும் அப்படித்தான். ஒயர் ஒன்று, பிளக் ஒன்று. ஆனால் 25 டிகிரியில் ஒன்று 5,000 ஓம், இன்னொன்று 10,000 ஓம். குளிர ஓம் ஏறும் வகை இவை. 5,000 எதிர்பார்க்கும் போர்டுக்கு 10,000-ஐ மாட்டினால், உள்ளே போதுமான குளிர் வந்துவிட்டதாக நம்பி அது கம்ப்ரஸரை முன்கூட்டியே தணித்துவிடும். சாமான் புதுசு, வேலை சுத்தம், ஃபிரிட்ஜ் மட்டும் குளிராது. கதவு ரப்பரிலும் நீள அகலம் மட்டும் போதாது. கதவின் பள்ளத்தில் போய் உட்காரும் அடிப்பகுதியின் வடிவமும் ஒத்துப்போக வேண்டும். புது ரப்பர் போட்டதும் ஒரு பத்து ரூபாய் நோட்டை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். இறுக்கமே இல்லாமல் உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் பொருந்தவில்லை.

சரியான பார்ட் நம்பர் கிடைத்தாலும் "ஸ்டாக் இல்ல, வர நாளாகும்" என்பார்கள். ஃபிரிட்ஜ் அதுவரை காத்திருக்கும். உள்ளே இருக்கும் மாவும் மீனும் இன்சுலினும் காத்திருக்குமா? ரிச்சி தெருவில் வாங்கிய கெபாசிட்டரைப் போட்டு போர்டை உயிர்ப்பித்துத் தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரிலேயை ஆட்டிக் கேட்ட கைகளின் இன்றைய வாரிசுகள் அவர்கள்தாம் என்பேன். ஆனால் தேடிப் போகத் தெம்பில்லாத பலருக்கு "எக்ஸ்சேஞ்ச்ல போட்டுடுங்க" என்ற யோசனைதான் கிடைக்கிறது. பத்து வருட வாரண்டி என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். எடுத்துப் படித்தால் அது பெரும்பாலும் கம்ப்ரஸருக்கு மட்டும்; போர்டுக்கும் கேஸுக்கும் வேலைக் கூலிக்கும் அல்ல. நன்றாக ஓடும் கம்ப்ரஸரைச் சுமந்துகொண்டு, ஒரு போர்டு கிடைக்காத குறைக்காகப் பழைய இரும்புக்குப் போகிறது ஃபிரிட்ஜ்.

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு ஒரு கணக்கு வைத்தது. 2021 மார்ச் 1 முதல் அங்கே நடப்பிலுள்ள விதிப்படி, ஒரு மாடலின் கடைசி ஃபிரிட்ஜ் சந்தைக்கு வந்தபின் குறைந்தது 7 ஆண்டுகளுக்கு அதன் தெர்மோஸ்டாட், சென்சார், போர்டு, விளக்கு ஆகியவை பழுதுபார்ப்பவர்களுக்குக் கிடைக்க வேண்டும். கதவு ரப்பர் 10 ஆண்டுகளுக்கு. கேட்ட சாமான் 15 வேலை நாட்களுக்குள் வந்து சேர வேண்டும். நம் நாட்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. தளம் இருக்கிறது, ஃபிரிட்ஜ் சாமானை இத்தனை ஆண்டுகள் வைத்திருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இன்னும் இல்லை. அது வர வேண்டும்.

அதுவரை நம்மால் ஆவது கொஞ்சம்தான். ஃபிரிட்ஜ் வாங்கும்போது போர்டுக்கும் சென்சாருக்கும் எத்தனை ஆண்டு வாரண்டி என்று கடையில் கேளுங்கள். பதிலைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் ஃபிரிட்ஜின் உள் லேபிளை, எழுத்து அழியுமுன் இன்றே படமெடுத்து வையுங்கள். சாமான் மாற்றினால் பழையதைத் திருப்பிக் கேட்டு வாங்கி, அதிலுள்ள பார்ட் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள்.