சுவர் நகர்ந்தது, குழாய் நகரவில்லை!

உங்கள் வீட்டுச் சமையலறைத் தொட்டியின் கழிவுநீர்க் குழாய் எங்கே போகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? அடுக்குமாடி வீடு என்றால், அது பெரும்பாலும் சுவரோரமாகத் தரையைத் துளைத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கும். அந்தத் துளைக்கான இடத்தைக் கான்கிரீட் ஊற்றும் முன்பே குறித்து, விட்டுவைக்க வேண்டும்.

துளை எங்கே என்று முடிவு செய்பவர் குழாய்ப் பணிகளை வடிவமைக்கும் பொறியாளர். சுவர் எங்கே என்று முடிவு செய்பவர் கட்டடக் கலைஞர். கட்டடக் கலைஞர் சுவரை 20 சென்டிமீட்டர் தள்ளி வரைகிறார். அந்தச் செய்தி பொறியாளருக்குப் போய்ச் சேரவில்லை. என்ன ஆகும்? சுவருக்குள் மறைய வேண்டிய குழாய் சமையலறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். இறுகிய கான்கிரீட்டை அழிப்பானால் அழிக்க முடியாது.

ஒரு கட்டடம் எழும்புவதற்குள் தளவரைபடம் பலமுறை மாறும். அந்த மாற்றம் எல்லாருக்கும் எப்படிப் போய்ச் சேருகிறது?

புகைப்படமா, சன்னலா?

முன்பு, கட்டடக் கலைஞரின் வரைபடத்தின்மேல் ஒளி ஊடுருவும் தாளை விரித்து, பொறியாளர்கள் தங்கள் குழாய்களையும் மின்கம்பிகளையும் வரைந்தார்கள். இன்று அந்த வேலையைக் கணினியில் செய்கிறார்கள். 1982இல் வெளிவந்த ஆட்டோகேட் போன்ற மென்பொருள்களில் இதற்கு ‘எக்ஸ்ரெஃப்’ என்ற வசதி உண்டு. வெளிக்கோப்பு இணைப்பு என்று சொல்லலாம்.

பொறியாளரின் கோப்புக்குள் தளவரைபடத்தின் நகல் இருக்காது. ‘இந்தப் பெயருள்ள கோப்பு, இந்தக் கோப்புறையில் இருக்கிறது; அதை இந்த இடத்தில் காட்டு’ என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். தெருவைப் படம் பிடித்துச் சுவரில் மாட்டினால், நீங்கள் பார்ப்பது அன்றைய தெரு. சன்னல் வழியாகப் பார்த்தால், இன்றைய தெரு. எக்ஸ்ரெஃப் ஒரு சன்னல். மூலக் கோப்பு மாறினால், அடுத்த முறை திறக்கும்போது புதிய சுவர் தெரியும்.

பெயரில் ஒரு சிக்கல்

குழுவாகச் செய்யும் பள்ளிப் பணிகளில் ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘உண்மையான இறுதி’ என்று கோப்புகள் பெருகுவதைப் பார்த்திருப்பீர்கள். கட்டுமானத் திட்டங்களிலும் இதே தொல்லை உண்டு. புதிய வரைபடம் புதிய தேதியைத் தன் பெயரில் தாங்கி வரும். அதை அப்படியே கோப்புறையில் போட்டால், இணைப்பு பழைய பெயரையே தேடிப் பழைய சுவரையே காட்டிக்கொண்டிருக்கும்.

இதற்குத் தீர்வு எளிது. இணைப்பில் உள்ள கோப்பின் பெயரை ஒருபோதும் மாற்றாதீர்கள். வந்து சேரும் ஒவ்வொரு வரைபடத்தையும், வந்த தேதியைப் பெயராகக் கொண்ட தனிக் கோப்புறையில் அப்படியே பாதுகாத்து வையுங்கள். பிறகு அதன் நகல் ஒன்றுக்கு நிலையான பெயரைக் கொடுத்து, பழைய கோப்பின் இடத்தில் வையுங்கள். ‘அன்று எதைப் பார்த்து வரைந்தோம்?’ என்ற கேள்வி எழுந்தால், பழைய கோப்புறைகள் பதில் சொல்லும்.

மாற்றி வைப்பதற்கு முன் மூன்று சோதனைகள் அவசியம். முதலாவது, அளவின் அலகு. மில்லிமீட்டரில் வரைந்ததை மீட்டர் என்று எடுத்துக்கொண்டால் கட்டடம் 1,000 மடங்கு பெருத்துவிடும். இரண்டாவது, தொடக்கப் புள்ளி. பழைய வரைபடத்தில் இருந்த தூண், புதியதிலும் அதே ஆயத்தொலைவில் இருக்கிறதா? மூன்றாவது, மாறியவை எவை? ஆட்டோகேட் 2019 பதிப்பிலிருந்து இரண்டு வரைபடங்களை ஒப்பிட்டு, வேறுபாடுகளைத் தனி நிறங்களில் காட்டும் வசதி இருக்கிறது. மாற்றங்களைச் சுற்றி வரைந்திருக்கும் மேக வடிவக் கோட்டை மட்டும் நம்பக்கூடாது. மேகம் போட மறந்த மாற்றமும் இருக்கலாம்.

கணினி செய்யாத வேலை

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இணைப்பு புதுப்பிக்கப்பட்டதும் திரையில் சுவர் நகர்ந்துவிடும். ஆனால், பொறியாளர் வரைந்த குழாய் நகராது. அது பழைய சுவரை ஒட்டி இருந்த இடத்திலேயே நிற்கும். அதைத் தேடிப் பிடித்து நகர்த்துவது மனிதரின் வேலை.

மாற்றத்தின் விளைவைச் சிந்திக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு, கேட் மென்பொருள்கள் பரவும் முன்பே நடந்த ஒரு துயரம் சாட்சி. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஹயாட் ரீஜன்சி ஹோட்டலின் இரண்டு தொங்கு நடைபாலங்கள் 1981 ஜூலை 17 அன்று இடிந்து விழுந்தன. 114 பேர் மாண்டனர். முதல் வடிவமைப்பில், கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீண்ட கம்பிகள் மேலும் கீழுமாக இருந்த இரு பாலங்களையும் தாங்கின. பின்னர் வரைபடத்தில் ஒவ்வொரு கம்பியும் இரண்டானது. கீழ்ப்பாலம் மேல்பாலத்திலிருந்து தொங்கியது.

ஒரே கயிற்றை இருவர் பிடித்துத் தொங்குவதாக எண்ணிப் பாருங்கள். ஒவ்வொருவரின் கையும் தன் எடையை மட்டுமே தாங்கும. இப்போது கீழே இருப்பவர் கயிற்றை விட்டு, மேலே இருப்பவரின் காலைப் பிடித்துக்கொள்கிறார். கயிற்றின் சுமை மாறவில்லை. மேலே இருப்பவரின் கைகளுக்கோ சுமை இரட்டிப்பு. மேல்பாலத்தின் இணைப்புகளுக்கும் அதுதான் நேர்ந்தது. தாளில் சிறிய மாற்றம்தான். அதை யாரும் கணக்கிட்டுப் பார்க்கவில்லை.

உங்களில் சிலர் நாளை பொறியாளராகவோ வரைவாளராகவோ ஆகலாம். புதிய வரைபடம் வந்ததும் திரையில் அது சரியாகத் தெரிகிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள். எது மாறியது, அதனால் என் வேலையில் எது மாற வேண்டும், அதை யார் சரிபார்த்தார் என்று மூன்று வரிகள் எழுதி வையுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.