பீட்சாக் கடை வாசலில் ஒரு பாடம்

தன்னம்பிக்கை என்பது சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே வாய்த்து, வேறு சிலருக்கு வாய்க்காமலே போய்விடும் குணம் என்று கருதுவோர் பலர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் முன்வைத்த விளக்கமோ, அதைச் சிறுகச் சிறுகச் சேரும் ஒன்றாகவே காண்கிறது. குறிப்பிட்ட ஒரு செயலைத் தன்னால் செய்துமுடிக்க இயலும் என்று ஒருவர் தன்னைப் பற்றிக் கொள்ளும் மதிப்பீட்டைத் 'தன்திறன் நம்பிக்கை' எனலாம். தானே செய்து பெறும் வெற்றியாலும், தன்னைப் போன்ற மற்றொருவர் செய்வதைப் பார்ப்பதாலும், பிறர் கூறும் ஊக்க மொழியாலும், பதற்றம் அடங்கிய மனநிலையாலும் அது வளர்கிறது என்பது பண்டூராவின் கருத்து.

இந்நான்கனுள் இரண்டாவது வழியே திரைப்படத்துக்கு உரியது. அதில் 'தன்னைப் போன்ற' என்னும் நிபந்தனைதான் முக்கியமானது. இருபது பேரை ஒற்றை ஆளாக வீழ்த்தும் நாயகனை மதுரையின் திருநகரிலோ பசுமலையிலோ வாழும் ஐந்தாம் வகுப்புக் குழந்தை வியந்து பார்க்கலாம், விசில் அடிக்கலாம். ஆயினும் நாளைய கணக்குத் தேர்வை எழுத இயலும் என்ற துணிவை அந்த வியப்பு தந்துவிடாது. தன் வயதும் தன் தடுமாற்றமும் உடைய ஒருவர் தவறி, மறுபடி முயன்று கற்பதைக் காணும்போதே அத்துணிவு பிறக்கிறது. அத்தகைய குழந்தைகளைத் தமிழ்த் திரை அரிதாகவே காட்டியிருந்தாலும், காட்டிய சில படங்கள் குடும்பத்தோடு அமர்ந்து பார்த்து, பின்னர் பேசவும் தக்கவை.

பாண்டிராஜ் இயக்கத்தில், மதுரை மண்ணைச் சேர்ந்த சசிகுமார் தயாரித்து 2009இல் வெளிவந்த 'பசங்க' அவற்றுள் ஒன்று. அதில் வரும் அன்புக்கரசு, தன் பெயருக்குப் பின்னால் ஐ.ஏ.எஸ். என்ற எழுத்துகளை இப்போதே சேர்த்துச் சொல்லிக்கொள்ளும் சிறுவன். பிறர் செய்யும் நற்செயலுக்குக் கைதட்டிப் பாராட்டும் பழக்கமும் அவனுக்கு உண்டு. முதலாவது, குழந்தை தனக்குத் தானே கூறிக்கொள்ளும் ஊக்க மொழி. இரண்டாவது, அதே ஊக்கத்தைப் பிறருக்கு வழங்கும் மனம். தன்னை நம்புகிற குழந்தைக்கு மற்றவரைத் தாழ்த்த வேண்டிய தேவையில்லை என்பதை இவ்விரண்டையும் ஒருவனிடமே வைத்துப் படம் உணர்த்துகிறது. அவனுடைய பெற்றோரின் ஓயாத சண்டை அந்த நம்பிக்கையை எவ்வளவு அரிக்கிறது என்பதையும் படம் மறைக்கவில்லை.

ராம் இயக்கிய 'தங்க மீன்கள்' (2013) இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. எம் என்ற ஆங்கில எழுத்தையும் டபிள்யூ என்ற எழுத்தையும் மாற்றிக் குழப்பிக்கொள்ளும் செல்லம்மா, வகுப்பறையில் அடையும் அவமானத்தால் தன்னையே குறைவாக எண்ணத் தொடங்குகிறாள். கற்றலில் நேரும் ஒரு சிறு தடுமாற்றம், பெரியவர்களின் பொறுமையின்மையால் ஒரு குழந்தையின் தன்மதிப்பு முழுவதையும் பற்றிக்கொள்ளும் விதத்தை இவ்வளவு நெருக்கமாகச் சொன்ன தமிழ்ப்படம் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

எனினும், ஆழமான பாடம் உசிலம்பட்டியைச் சேர்ந்த மணிகண்டன் இயக்கிய 'காக்கா முட்டை'யில் உள்ளது. 2014இல் டொரண்டோ திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டு, 2015 ஜூன் மாதம் திரையரங்குகளுக்கு வந்த இப்படம், சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. சகோதரர்களாக நடித்த விக்னேஷ், ரமேஷ் இருவரும் சிறந்த குழந்தை நட்சத்திர விருதைப் பகிர்ந்துகொண்டனர். சென்னைக் குடிசைப் பகுதியில் வாழும் அந்த அண்ணனும் தம்பியும், தாங்கள் விளையாடிய இடத்தில் எழுந்த கடையின் பீட்சாவைச் சுவைத்துப் பார்க்க ஆசைப்பட்டு, ரயில் தண்டவாளத்தில் சிதறிய நிலக்கரியைப் பொறுக்கி விற்றுக் காசு சேர்க்கிறார்கள். காசு சேர்ந்த பின்னும் உடையைக் கண்டு காவலாளி உள்ளே விட மறுக்கவே, புதிய உடைக்கும் தாங்களே வழி தேடிக்கொள்கிறார்கள். பண்டூரா முதலிடம் தந்த 'தானே செய்து பெறும் வெற்றி' இங்கே படிப்படியாகக் கண்முன் நிகழ்கிறது. பிறர் தின்று மிஞ்சிய பீட்சா எளிதாகக் கிடைத்தபோது அண்ணன் அதை மறுத்துவிடுகிறான். திறனைப் பற்றிய நம்பிக்கையோடு தன்மானமும் சேர்ந்தே வளர வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான காட்சி தேவையில்லை.

ஆனால் புத்தாடை உடுத்தி, காசோடு வந்த அந்த அண்ணன் கடை வாசலில் அறை வாங்குகிறான். முயன்றால் எதுவும் கைகூடும் என்று மட்டும் கற்பிக்கும் படங்கள் சொல்லத் தயங்கும் உண்மை இது. செய்ய வேண்டிய அனைத்தையும் சரியாகச் செய்தும் கதவு மூடப்படலாம். மூடியவர் மீதே அதற்கான பழி சேரும், மூடப்பட்டவர் மீது அன்று. இவ்வேறுபாட்டை அறியாத குழந்தை, ஒவ்வொரு மறுப்பையும் தன் குறையாகவே எழுதி வைத்துக்கொள்ளும். இறுதியில் சிவப்புக் கம்பளம் விரித்து வரவேற்கப்பட்டு, பீட்சாவைத் தின்றுபார்த்த சகோதரர்கள், பாட்டி சுட்டுத் தந்த தோசையே மேல் என்று முடிவு செய்கிறார்கள். ஊரே வியக்கும் ஒரு பொருளைத் தம் நாவால் எடைபோடும் அந்த உரிமையை அவர்களுக்கு எவரும் வழங்கவில்லை.

இத்தகைய படத்தை வீட்டில் குழந்தையோடு பார்க்கும் பெற்றோரோ தாத்தா பாட்டியோ, கதையின் நீதியை உடனே எடுத்துரைக்க முற்படாமல், அந்த அறை விழும் காட்சியில் குழந்தை என்ன நினைத்தது என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருப்பது நல்லது. அந்த அண்ணன் என்ன தப்பு செய்தான் என்று குழந்தை திருப்பிக் கேட்குமானால், அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை என்ற விடையைத் தயக்கமின்றிச் சொல்லிவிட வேண்டும்.