நுரையீரல் புற்றுநோய்ப் பரிசோதனை: செலவுக்கேற்ற பலன் உண்டா?

வருமுன் காப்பதே அறிவுடைமை என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆயினும், நோயின் அறிகுறி ஏதுமின்றி நடமாடும் இலட்சக்கணக்கான மக்களை அழைத்து ஸ்கேன் எடுத்துப் பார்க்க ஓர் அரசு பெரும்பணம் செலவிடலாமா? அதே பணத்தை ஏற்கெனவே நோயுற்றிருப்போருக்குச் செலவிட்டால் இன்னும் பல உயிர்கள் பிழைக்குமே! மேலைநாடுகள் பல்லாண்டு ஆராய்ந்து விடை கண்ட கேள்வி இது. குடும்ப வரவு செலவைக் கட்டிக் காக்கும் நீங்களும் அந்தக் கணக்கை அறிந்து கொள்வது நல்லது.

நுரையீரல் புற்றுநோய் ஓசையின்றி வளர்வது. தொடக்கத்தில் அது வலியைத் தருவதில்லை. விடாத இருமல், சளியில் இரத்தம், உடல் மெலிவு என்று வெளிப்படும்போது நோய் பெரும்பாலும் பரவிவிட்டிருக்கும். முன்கூட்டியே கண்டால் அறுவை சிகிச்சையால் அகற்றிவிடலாம்.

எக்ஸ்ரே போதாதா?

போதாது! அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் 1971 முதல் 1983 வரை நடந்த ஆய்வில், புகைபிடிக்கும் ஆண்களுக்கு 4 மாதங்களுக்கு ஒருமுறை எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்தனர். கூடுதலான கட்டிகள் தென்பட்டன. ஆனால் மரணங்கள் குறையவில்லை.

பின்னர், குறைந்த கதிர்வீச்சில் எடுக்கப்படும் சி.டி. ஸ்கேன் வந்தது. 2002-இல் அமெரிக்காவில் தொடங்கிய பேராய்வில் 55 முதல் 74 வயது வரையிலான 53,454 பேர் கலந்து கொண்டனர். அனைவரும் பல்லாண்டுகள் மிகுதியாகப் புகைபிடித்தவர்கள். பாதிப் பேருக்கு ஸ்கேனும் மீதிப் பேருக்கு எக்ஸ்ரேயும் ஆண்டுக்கு ஒன்றாக 3 முறை எடுக்கப்பட்டன. 2011-இல் முடிவு வெளியாயிற்று. ஸ்கேன் எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 விழுக்காடு குறைந்திருந்தது. ஒருவரை இம்மரணத்திலிருந்து காக்க 320 பேருக்குப் பரிசோதனை தேவைப்பட்டது.

கணக்கு சொல்வதென்ன?

இதன் செலவுக் கணக்கு 2014-இல் வெளியிடப்பட்டது. பரிசோதனையே செய்யாதிருப்பதோடு ஒப்பிட்டால், ஒருவருக்கான கூடுதல் செலவு 1,631 டாலர். கூடிய ஆயுளோ சராசரியாகப் பதினொன்றரை நாட்களே! ‘இவ்வளவுதானா?’ என்று எண்ணாதீர்கள். இது எல்லோருக்கும் பங்கிட்டுக் கிடைத்த சராசரி. பெரும்பாலோருக்கு ஒரு நாளும் கூடவில்லை. நோய் முன்னரே கண்டறியப்பட்ட சிலருக்கோ பல ஆண்டுகள் கூடின. நல்ல உடல்நலத்தோடு கூடிய ஓராண்டு வாழ்வுக்கு ஆகும் செலவு 81,000 டாலர் எனக் கணக்கிட்டனர். 1,00,000 டாலருக்கு உட்பட்டதாகையால் இது அந்நாட்டில் ஏற்கத்தக்கதே.

ஆனால், யாருக்குப் பரிசோதனை என்பதைப் பொறுத்து இத்தொகை பெரிதும் மாறுகிறது. அன்று புகைத்துக் கொண்டிருந்தோருக்கு அது 43,000 டாலர். முன்னரே விட்டவர்களுக்கோ 6,15,000 டாலர்! ஆபத்து குறைந்தவர்களையெல்லாம் வரிசையில் நிறுத்தினால் பணம் கரையும், பலன் குறையும் என்பது இதிலிருந்து தெளிவாகிறதன்றோ?

வீண் அச்சமும் ஒரு செலவே

அந்த ஆய்வில் ‘சந்தேகம்’ என்று வந்த ஸ்கேன் முடிவுகள் 100-இல் 96 புற்றுநோயே அல்ல. அந்த 96-க்கும் மறு ஸ்கேன், மருத்துவர் கட்டணம், உறக்கமற்ற இரவுகள்! நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடந்து 2020-இல் முடிவு வெளியான ஆய்வு இதற்கு வழி காட்டியது. கட்டியின் கன அளவையும் அது வளரும் வேகத்தையும் அளந்து முடிவு செய்ததால் வீண் சந்தேகங்கள் வெகுவாகக் குறைந்தன. ஆண்களிடையே 10 ஆண்டுகளில் இந்நோயால் நேரும் மரணம் 24 விழுக்காடு குறைந்தது.

இங்கிலாந்தின் ஏற்பாடு

மான்செஸ்டர் நகரில் 2016-இல் ஸ்கேன் வண்டிகளைக் கடைவீதி வாகன நிறுத்துமிடங்களுக்கே கொண்டு சென்றனர். ஏழை மக்கள் வாழும் பகுதிகள் அவை. முதற்சுற்றில் ஸ்கேன் எடுத்தவர்களில் 33 பேருக்கு ஒருவர் வீதம் புற்றுநோய் காணப்பட்டது. அவற்றில் 80 விழுக்காடு தொடக்க நிலையிலேயே இருந்தன.

இத்தகைய அனுபவங்களுக்குப் பிறகு 2023 ஜூன் மாதத்தில் இங்கிலாந்து முழுவதற்குமான திட்டத்தை அரசு அறிவித்தது. முழுமையடையும்போது ஆண்டுக்கு 27 கோடி பவுண்டு செலவாகும் என்றும் மதிப்பிட்டது. 55 முதல் 74 வயது வரையில், புகைபிடிக்கும் அல்லது முன்பு புகைபிடித்த அனைவருக்கும் அழைப்பு உண்டு. ஆனால் ஸ்கேன் எல்லோருக்கும் இல்லை! முதலில் கேள்விகள் கேட்டு ஆபத்தைக் கணக்கிடுகிறார்கள். ஆபத்து மிகுந்தவருக்கே ஸ்கேன். புகையை விடுவதற்கான உதவியும் உடன் கிடைக்கிறது. சிக்கனத்தின் இரகசியம் இவ்விரண்டிலும் அடங்கியுள்ளது.

நமக்கு என்ன பாடம்?

நம் நாட்டில் இத்தகைய தேசியத் திட்டம் இல்லை. மேலும், காசநோய் விட்டுச்சென்ற பழைய தழும்புகள் ஸ்கேனில் கட்டிகளைப் போலத் தோன்றி வீண் அச்சம் தருவதும் இங்கு மிகுதி. எனவே, விளம்பரத்தைக் கண்டு புகைப்பழக்கமே இல்லாதவரும் ஸ்கேனுக்கு விரைய வேண்டியதில்லை. உங்கள் வாப்பாவோ சாச்சாவோ நீண்டகாலமாகப் பீடி, சிகரெட் பிடித்து வந்தவராயின், அவருக்கு இது தேவையா என மருத்துவரிடம் கேளுங்கள். விடாத இருமலோ சளியில் இரத்தமோ கண்டால் காலம் தாழ்த்தாதீர்கள். அப்போது தேவைப்படுவது சிகிச்சைக்கான சோதனை.

ஒன்றை மறவாதீர்கள். எந்த ஸ்கேனும் புற்றுநோய் வராமல் தடுப்பதில்லை; வந்ததைக் காட்ட மட்டுமே செய்யும். வராமல் தடுக்கும் வழி, புகையை விடுவது. அதற்குச் செலவில்லை; அன்றாடம் பீடிக்கும் சிகரெட்டுக்கும் போகும் பணமும் வீட்டிலேயே தங்கும்.