உணவுப் பட்டியலில் ஒரு தமிழ்ப் பாடம்

சிங்கப்பூரின் உயர்தர இந்திய உணவகம் ஒன்றில் அமர்ந்ததும் நம் கைக்கு முதலில் வருவது உணவுப் பட்டியல். வடஇந்திய உணவு, முகலாய உணவு, தென்னிந்திய உணவு, இந்திய-சீன உணவு எனப் பல பிரிவுகள் அதில் இருக்கும். பெரும்பாலோர் சுவையையும் விலையையும் கருதியே அதனைப் படிப்பர். மொழியைக் கருதிப் படித்தால் அதுவே ஒரு வரலாற்று நூலாகவும் இலக்கண நூலாகவும் விரியும். தமிழுக்கு நேர்ந்துவரும் ஓர் இழப்பும் அதே பக்கங்களில் புலப்படும். ஆசிரியர்களும் மாணவர்களும் அப்பட்டியலை எவ்வாறு படிக்கலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர்கள் வந்த வழி

முகலாயப் பிரிவிலிருந்து தொடங்குவோம். 'பிரியாணி' என்னும் பெயர், 'வறுத்த' எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து பிறந்தது. 'குருமா' என்பதன் மூலம், வறுத்தலைக் குறிக்கும் துருக்கியச் சொல். 'தம்' என்றால் பாரசீகத்தில் மூச்சு. பாத்திரத்தின் வாயை மாவினால் அடைத்து, உள்ளே எழும் ஆவியிலேயே உணவை வேகவைக்கும் முறைக்கு அப்பெயர் அமைந்தது. 'நான்' என்பதற்கே ரொட்டி என்றுதான் பொருள். ஆகவே, 'நான் ரொட்டி' என்பது 'நடுசென்டர்' என்பதைப் போன்றதொரு கூறியது கூறல்.

அடுத்த பக்கத்தில் தந்தூரிக் கோழி இருக்கும். தந்தூர் என்பது மண்ணாலான அடுப்பின் பெயர். 1947ஆம் ஆண்டுப் பிரிவினையின்போது பெஷாவரிலிருந்து தில்லிக்கு வந்தவர்கள் தரியாகஞ்சு வட்டாரத்தில் நடத்திய மோத்தி மகால் உணவகம், அவ்வடுப்பில் சுட்ட கோழிக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. இடம்பெயர்ந்த மக்களின் வரலாறு அப்பெயருக்குப் பின்னால் இருக்கிறது.

'விண்டாலு' போர்த்துகீசியர் வழியாகக் கோவாவுக்கு வந்தது. மூலப்பெயரில் உள்ளவை திராட்சை மதுவும் பூண்டும். இந்தியில் 'ஆலு' என்பது உருளைக்கிழங்கைக் குறிப்பதால், பெயரின் ஈற்றைப் பிறழ உணர்ந்து கிழங்கைச் சேர்த்துச் சமைப்போரும் உளர். கொல்கத்தாவில் குடியேறிய சீனர்களின் அடுக்களைகளில் வேர்விட்டு வளர்ந்தது இந்திய-சீனச் சமையல். 'கோபி மஞ்சூரியன்' அவ்வகையைச் சேர்ந்த உணவு. அதன் பெயரில் மஞ்சூரியா இருப்பினும், பிறப்பு இந்தியாவிலேயே நிகழ்ந்தது.

தமிழ் தந்தவை

இந்தப் போக்குவரத்தில் தமிழ் பெற்றதோடு நின்றுவிடவில்லை; தந்தும் இருக்கிறது. சங்க இலக்கியத்தில் 'கறி' என்பது மிளகைக் குறித்தது. பின்னர் அது மிளகு சேர்த்துச் சமைத்த பதார்த்தத்தையும், காய்களையும், இறைச்சியையும் குறிக்கலாயிற்று. இன்றும் 'காய்கறி' என்கிறோம். 'கறிக்கடை' என்றும் சொல்கிறோம். இச்சொல் போர்த்துகீசியர் வாயிலாக ஐரோப்பாவை அடைந்தது. ஆங்கிலத்தில் நிலைபெற்று உலகெங்கும் பரவியது. மலாய் மொழியிலும் 'காரி' என வழங்குகிறது. மலாயரின் 'அப்பாம்' நம் அப்பத்தின் உறவே. ஆங்கிலேயரின் 'முல்லிகட்டானி' சூப், நம் மிளகுத் தண்ணீரன்றி வேறில்லை.

பெயரே செய்முறை

இனித் தென்னிந்தியப் பிரிவுக்கு வருவோம். பொரியல், வறுவல், அவியல், மசியல், துவையல், சுண்டல், வற்றல், பொங்கல் ஆகிய பெயர்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். பொரி, வறு, அவி, மசி, துவை, சுண்டு, வற்று, பொங்கு என்னும் வினைகளோடு 'அல்' விகுதி சேர்ந்து அவை தொழிற்பெயர்களாயின. தொழிலின் பெயர் அத்தொழிலால் விளைந்த பொருளுக்கு ஆகிவந்தமையால் அவை தொழிலாகு பெயர்கள். வகுப்பறையில் 'வற்றல்' ஒன்றையே எடுத்துக்காட்டாகப் படிக்கும் மாணவர், உணவு மேசையில் ஏழெட்டு எடுத்துக்காட்டுகளை ஒருசேரக் காணலாம்.

இப்பெயர்களைக் கேட்ட அளவிலேயே அடுப்பில் நிகழ்ந்தது விளங்கிவிடும். வறுவலில் நீர் வற்றியிருக்கும். மசியலில் காயும் பருப்பும் குழைந்திருக்கும். துவையல் அரைபட்டுக் கெட்டியாக இருக்கும். குருமாவும் பிரியாணியும் தம் தாய்மொழிகளில் இவ்வாறே தொழிலால் பெயர் பெற்றவை. அந்த வகையில் குருமாவும் வறுவலும் பொருளால் உடன்பிறப்புகள் எனலாம்.

திரும்பி வந்த சொல்

இழப்பு இங்கேதான் தொடங்குகிறது. உலகைச் சுற்றிவந்த 'கறி' என்னும் சொல், ஆங்கிலப் பொதுப்பெயராக உணவகத்திற்குத் திரும்பியிருக்கிறது. குழம்பு, கூட்டு, மசியல், அவியல் அனைத்தும் 'வெஜிடபிள் கறி' என்னும் ஒரே பெயரில் அடங்கிவிடுகின்றன. ரசம் 'தென்னிந்திய சூப்' ஆகிறது. தமிழ் ஈன்ற சொல்லே பிற தமிழ்ச் சொற்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

பல இனத்தாரும் வந்து உண்ணும் இடத்தில் எல்லாருக்கும் விளங்கும் பெயர் வேண்டும் என உணவகத்தார் கருதுவது இயல்பே. ஆயினும், ஜப்பானிய உணவகங்கள் 'சுஷி'யையும் 'சஷிமி'யையும் மொழிபெயர்க்கவில்லை. உண்பவர்களே அச்சொற்களைக் கற்றுக்கொண்டனர். நம் ஊரிலும் அதற்குச் சான்று உண்டு. சிராங்கூன் சாலையில் 1947ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் கோமள விலாஸில் தோசைக்கும் இட்லிக்கும் எவரும் மொழிபெயர்ப்புக் கேட்பதில்லை. தோசைக்கு இயன்றது கூட்டுக்கும் துவையலுக்கும் இயலும்.

பிரியாணிக்கும் நானுக்கும் புதுத் தமிழ்ப் பெயர் புனைய வேண்டும் என்பது இங்குக் கருத்தன்று; அவை வந்த வழியைச் சொல்லும் பெயர்கள். சிங்கப்பூருக்கே உரிய 'மீன் தலைக் கறி'யும் அப்பெயரிலேயே வாழட்டும். நமக்கென உள்ள சொற்களை நாமே கைவிடலாகாது என்பதே கருத்து. வீட்டில் ஆங்கிலமே மிகுதியாகப் பேசும் மாணவர் பலரிடத்தும் எஞ்சியிருக்கும் தமிழ், பெரும்பாலும் சமையலறைத் தமிழ்தான். அதுவும் மங்கினால், அவர்தம் நாவில் அன்றாடம் தமிழ் புழங்கும் இடங்கள் மேலும் குறைந்துவிடும்.

வகுப்பறைக்கு மூன்று பயிற்சிகள்

முதலாவதாக, ஓர் இந்திய உணவகத்தின் பட்டியலைக் கொண்டு, அதிலுள்ள பெயர்களைத் தமிழ், பாரசீகம், போர்த்துகீசியம் என மூலமொழிவாரியாக மாணவர் வகைப்படுத்தலாம். இரண்டாவதாக, 'கறி' எனக் குறிக்கப்பட்ட ஒவ்வோர் உணவுக்கும் உரிய தமிழ்ப் பெயரைக் கண்டறிந்து, அது சமைக்கப்படும் விதத்தை ஒரே வாக்கியத்தில் எழுதலாம். மூன்றாவதாக, பாட்டி தாத்தாவிடம் கேட்டு, பட்டியலில் இடம்பெறாத ஐந்து உணவுப் பெயர்களைத் திரட்டி, அவற்றுள் தொழிலாகு பெயர்களை இனங்காணலாம்.

அடுத்த முறை குடும்பத்தோடு உணவகத்திற்குச் செல்லும் மாணவர், மேசைக்கு வந்த கிண்ணத்தைக் காட்டி, "அம்மா, இது குழம்பா, கூட்டா?" என்று கேட்பாராயின், பாடம் பயன் தந்துவிட்டது எனக் கொள்ளலாம்.